சர்க்கரை போடாத டம்ளர்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மரப்படிகளில் ஏறி வந்த ஜானட், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எக்ஸ்ரே உறையிலிருந்து ஐந்து காகிதங்களை எடுத்து மேசைமீது வரிசையாக வைத்தாள். ஐந்தும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்.

"கரையில ஏறுது மேடம், கடல்ல எறங்குது," என்றாள். "ஒரே ஆளு, ஒரே ஒடம்பு. அது எப்டின்னு யாராலயும் சொல்ல முடியல. அதனால என் தம்பி மேல பழியப் போட்டுட்டாங்க."

"எது ஏறுது?" என்று கேட்டாள் சங்கமித்ரா.

"எங்க வூட்டுக்காரருக்குச் சக்கரை."

கீழே, படகுகளின் வளைந்துபோன விசிறிகளைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் சுத்தியல் சத்தம் எழுந்தது. ராயபுரத்தில் அந்தப் பட்டறைக்கு மேல்மாடியில்தான் சங்கமித்ராவின் அலுவலகம். பன்னிரண்டு ஆண்டுகள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மூழ்கிய படகுகளையும் எரிந்த கிடங்குகளையும் போய்ப் பார்த்து, காரணம் எழுதிக் கொடுத்தவள் அவள். இப்போது அதே வேலையைத் தன் பெயரில் செய்கிறாள். வியாசர்பாடிக்காரி. நாற்பத்தி மூன்று வயது. எதையும் இரண்டு முறை பார்க்காமல் ஒரு முறை பேசமாட்டாள்.

பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் அதற்கு நேர்மாறு. சவரிநாதன் முப்பத்தாறு வருஷம் எண்ணூர்ப் பக்கம் ஓடும் சரக்கு ரயில்களில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அவளோடு கேஸ்களுக்குப் போகிறவர். யாராவது வாயைத் திறப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். அடுத்த பத்து நிமிஷத்தில் அவனை விட்டுவிட்டு இன்னொருவனைப் பிடிப்பார்.

"மச்சான் டிரைவரு, தம்பி ரெண்டாவது ஆளு. அப்படித்தானம்மா?" என்றார் நோட்டைத் திறந்துகொண்டே.

ஜானட் அவரை வியப்பாகப் பார்த்தாள். "ஆமா. எப்டிக் கண்டுபுடிச்சீங்க?"

"எல்லாக் கேசுலயும் அப்டித்தான்."

விஷயம் இதுதான். ஜானட்டின் கணவர் ஞானம் காசிமேட்டில் ஒரு சிறிய விசைப்படகின் டிரைவர். படகு அவருடைய அண்ணன் அருள்பிரகாசத்தினுடையது. ஜானட்டின் தம்பி ஜெரி அதே படகில் இரண்டாவது ஆள். சுக்கானுக்கு அடுத்த உரிமை அவனுக்குத்தான், டீ போடுகிறவனும் அவன்தான். ஜூன் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கின. அதன்பின் நான்கு முறை ஞானம் கடலில் சுருண்டு விழுந்துவிட்டார். ஜூன் முப்பது, ஜூலை ஏழு, பத்து, பதினான்கு. நான்கு முறையும் விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு, முதல் வலை இழுக்கும்போது. நான்கு முறையும் அதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெரி கொடுத்த டீயைக் குடித்திருந்தார். இரண்டு முறை கரைக்குக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை நாற்பதுக்குச் சற்று மேல் இருந்தது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"ஆனா இதப் பாருங்க," என்று ஜானட் சீட்டுகளைக் காட்டினாள். மே மாதம் 118. ஜூன் இருபத்திரண்டு 186. ஜூன் இருபத்தொன்பது 194. ஜூலை ஒன்பது 171. ஜூலை பதின்மூன்று 176. "எல்லாம் வெறும் வயித்துல எடுத்தது. மே மாசத்துலேர்ந்து ஏறினது எறங்கவே இல்ல. டாக்டரு ஜூன் கடைசில மாத்திரைய ஒண்ணுலேர்ந்து ரெண்டு மில்லிகிராமா ஏத்திட்டாரு. இந்த ஞாயித்துக்கிழமையும் இப்டியே இருந்தா இன்னும் ஏத்தணும்னு சொல்லிக் கீறாரு. அவருகிட்ட மயக்கத்தச் சொல்லாதன்னு என் புருஷன் ஆர்டரு. சொன்னா சுக்கானப் புடுங்கிடுவாங்களாம்."

"உங்க வீட்டுக்காரரோட அண்ணன் என்ன சொல்றாரு?"

"வூட்ல சக்கரை ஏறுற மனுசனுக்குக் கடல்ல எறங்குதுன்னா, கடல்ல எவனோ எதையோ குடுக்கறான்னு சொல்றாரு. போன திங்கக்கிழமை ஜெரி பாக்கெட்லேர்ந்து காகிதப் பொட்டலம் எடுத்து, மாமா டம்ளர்ல மட்டும் வெள்ளைத் தூள் போட்டத ஒருத்தன் பாத்துட்டான். இன்னாடா அதுன்னு கேட்டா இவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். வர்ற திங்கக்கிழமை போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்னு நிக்கிறாரு." அவள் குரல் முதல் முறையாகத் தளர்ந்தது. "தம்பி பண்ணலன்னா அவன் ஜெயிலுக்குப் போறான். பண்ணிருந்தா என் புருஷன் சாவறாரு. நான் எந்தப் பக்கம் குந்தறது மேடம்?"

சங்கமித்ரா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு கேட்டாள்: "அவருடைய ஒரு நாளைச் சொல்லுங்க. எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும்."

கடலுக்குப் போகும் நாளில் ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுவார். ஒரு மணிக்கு மாத்திரை. உடனே ஒரு தட்டுச் சோறும் சுட்ட கருவாடும். ஒன்றரைக்குப் படகு கிளம்பும். மீன் விற்று முடித்து மதியம் ஒரு மணிக்கு வீடு, குளியல், ஒன்றரைக்குச் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடும் ராத்திரி மாத்திரையும், ஏழுக்குத் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை கடல் கிடையாது. ஆறு மணிப் பூசை, அப்படியே போய் ரத்தம் கொடுப்பது, எட்டு மணிக்கு மாத்திரை போட்டு நாஷ்டா, ஒன்றரைக்கு மதியச் சாப்பாடு. ராத்திரி அண்ணன் குடும்பத்தோடு ஒன்பது மணிக்கு பிரியாணி.

"டாக்டரு ஏத்தின மாத்திரை மட்டும் ஒரு நாளும் தவறினதில்ல மேடம். நாளைக்கு ஒண்ணு. எழுந்து முதல் சாப்பாட்டுக்கு முன்ன. நானே கையில குடுப்பேன்."

ஜானட் போனதும் சவரிநாதன் எழுந்து நின்றார். "தம்பிதான் மேடம். மாத்திரையத் திருடி, தூள் பண்ணி, டீல கலக்குறான். மச்சான் போனா சுக்கான் இவனுக்கு. கேஸ் குளோஸ்."

"திருடினா அட்டையில குறையணுமே, கார்டு சார். வாங்க, எண்ணிப் பாத்துடலாம்."

*

ஜானட்டின் வீட்டில் மாத்திரை டப்பா சாமி படத்துக்குக் கீழே இருந்தது. முப்பது மாத்திரை வாங்கியது ஜூன் இருபத்தொன்பது, ஞாயிறு சாயங்காலம். மறுநாள் திங்களிலிருந்து தொடங்கியது. அன்று ஜூலை பதினெட்டு. பத்தொன்பது தீர்ந்திருக்க வேண்டும். சவரிநாதன் இரண்டு முறை எண்ணினார். மீதி பதினொன்று இருந்தது.

"சரியா கீது," என்றார் ஏமாற்றத்தோடு. "வெளிய வேற கடைல வாங்கிருப்பான்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல்நிறப் பூனை வந்து சங்கமித்ராவின் காலை முகர்ந்தது.

"அது திங்கக்கிழமைக்குக் காத்துகினு கீது," என்றாள் ஜானட். "அன்னிக்கு அவரு சோத்துல கைய வெச்சுட்டு எழுந்துடுவாரு. மீதி இதுக்குத்தான். மத்த நாளு தட்ட வழிச்சுத் துன்னுவாரு, பூனைக்கு முள்ளுகூட மிஞ்சாது."

சவரிநாதன் சிரித்தார். நோட்டில் எதுவும் எழுதவில்லை. சங்கமித்ரா சிரிக்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு அவர்கள் துறைமுகத்தில் இருந்தார்கள். படகின் பின்பக்கம் ஜெரி வலையை அலசிக்கொண்டிருந்தான். முப்பத்து நான்கு வயது, அகன்ற தோள். அக்கா அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்ஷூரன்ஸ் மேடமா? போட் முழுவல மேடம், ஆளுதான் முழுவறாரு. தப்பான எடத்துக்கு வந்துட்டீங்க."

"டீல என்னப்பா கலந்தே?" என்றார் சவரிநாதன் நேராக.

"டீத்தூளு."

"டபாய்க்காத. பொட்டலத்துல இன்னா இருந்துச்சு?"

"அது எனுக்கும் மாமாவுக்கும் நடுவுல. வேற எவனுக்கும் சொல்றதா இல்ல, பெருசு. ஸ்டேஷன்ல கேட்டாலும் இதான்."

சங்கமித்ரா சுக்கான் அறைப் பக்கம் திரும்பினாள். சுக்கான் அறையின் சுவரில் ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் கொக்கிகளில் தொங்கின. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"அது யாரோடது?"

"மாமாது. சக்கரை போடாத டம்ளர். மத்த அஞ்சுலயும் சக்கரை போட்டுக் குடிப்போம், அதுல மட்டும் சேராது. அக்கா கட்டின நூலு."

அவள் அந்த டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தாள். அடியில் பழுப்பாகக் காய்ந்த வட்டம். அதைச் சுற்றி ஏழெட்டு எறும்புகள். மற்ற டம்ளர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றிலும் எறும்புகள் இருந்தன. சிவப்பு நூல் டம்ளரை இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

அப்போது அருள்பிரகாசம் கரையிலிருந்து பலகைமேல் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த நடை. "யாரு கூப்ட்டாங்கன்னு தெரியும். பாருங்க, நல்லாப் பாருங்க," என்றார். "எனக்கு யார் மேலயும் வன்மம் இல்லம்மா. டிரைவர் கைய வுட்டா ஆறு உசுரு. அதுல ஒண்ணு என் கூடப்பொறந்தது. இவன் வாயத் தொறந்து சொல்லட்டும், நான் வுட்டுடறேன். சொல்ல மாட்டான்னா திங்கக்கிழமை கடலுக்கு வர மாட்டான், ஸ்டேஷனுக்குத்தான் வருவான்."

ஜெரி வலையை ஓங்கித் தண்ணீரில் அடித்தான்.

திரும்பும் வழியில் சவரிநாதன் கணக்குப் போட்டார். "நாலு தடவைல மூணு திங்கக்கிழமை மேடம். திங்கக்கிழமைதான் இவன் பிளான் பண்றான். ஆனா அந்த ஜூலை பத்து பேஜாரு பண்ணுது. அது வியாழக்கிழமை."

சங்கமித்ரா ஒரு விளக்குக் கம்பத்தின் அருகே நின்றுவிட்டாள். கம்பத்தில் பழைய அறிவிப்பு ஒன்று பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பலத்த காற்று வீசும் என்பதால் ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அதில் இருந்தது.

"கார்டு சார், ரயில்ல டிரைவர் ஓய்வு முடிஞ்சு முதல் நாள் வண்டி எடுக்கும்போது என்ன பார்ப்பீங்க?"

"தூங்கினானா, குடிச்சானா, கண்ணு சரியாகீதா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். கம்பத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். "அட. திங்கக்கிழமை இல்ல. கரையில இருந்த நாளுக்கு மறுநாள்."

"நாலுமே."

"ஆனா எதுக்கு? விஷம் வெக்கிறவன் லீவுக்கு மறுநாளாப் பாத்து எதுக்கு வெக்கணும்?"

"விஷம் வைக்கிறவனுக்கு அந்தக் கணக்கு தேவையில்ல," என்றாள் சங்கமித்ரா. "வேற எதுக்கோ தேவைப்படுது."

*

மார்க்கெட் பக்கம் நவ்ரீன் நடத்தும் மருந்துக் கடையில் அந்த நேரத்தில் கூட்டமில்லை. சங்கமித்ரா அட்டையில் இருந்த பெயரைச் சொன்னதும் நவ்ரீன் தலையசைத்தாள். விளக்கிச் சொல்ல யாராவது கிடைத்தால் விடமாட்டாள்.

"இது உள்ளே போனா கணையத்தைத் தட்டி எழுப்பும். இன்சுலினை வெளியே விடு, விடுன்னு சொல்லும். இன்சுலின் வந்தா ரத்தத்துல இருக்கிற சர்க்கரை தசைக்குள்ள போகும். நல்ல மாத்திரைதான். ஆனா அதுக்குக் கண்ணு கிடையாது. சாப்பிட்டிருக்கோமா, பட்டினியான்னு பார்க்காது. அதனாலதான் சாப்பாட்டோட போடச் சொல்றது."

"எவ்வளவு நேரம் வேலை செய்யும்?"

"வேகம் எடுக்க ரெண்டு, மூணு மணி நேரம். அப்போதான் உச்சம். அப்புறம் மெதுவாக் குறைஞ்சுகிட்டே ஒரு முழு நாள் வரைக்கும் இழுக்கும்."

"ராத்திரி மாத்திரை?"

"அது வேற ஜாதி. கல்லீரல் சர்க்கரையை விடறதைக் குறைக்கும். அது தனியா ஒருத்தரை இப்படித் தள்ளிவிடாது."

"ஒரு நாளைக்கு ஒண்ணு போடறவர், முப்பது மணி நேரம் கழிச்சு ரத்தம் கொடுத்தா?"

நவ்ரீன் புருவத்தை உயர்த்தினாள். "மாத்திரையோட வேலை முடிஞ்சிருக்கும். சர்க்கரை ஏறித்தான் காட்டும். அதுவும் காலைல எடுத்தா இன்னும் கூட. விடியறதுக்கு முன்னாடி உடம்பே கொஞ்சம் சர்க்கரையை ரத்தத்துல விடும், மனுஷன் எழுந்து நடக்கணுமே. ஆமா, யாரு அப்படி முப்பது மணி நேரம் விட்டுப் போடறது? நாளைக்கு ஒண்ணுன்னா இருபத்து நாலுதானே?"

"காலண்டர்ல பார்த்தா அப்படித்தான் தெரியும்," என்றாள் சங்கமித்ரா.

அன்று சாயங்காலம் அவள் ஜானட்டுக்குப் போன் செய்தாள். மறுநாள் சனிக்கிழமை, ஞானம் கரைக்கு வந்ததும் அவரையும் ஜானட்டையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள்; ஞானத்தைப் பரிசோதித்து முடிந்தபின் டாக்டரிடம் தனியே பேசியது அவள் மட்டும்தான். சவரிநாதனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் அங்கேயே நோட்டில் இரண்டு புதிய குற்றவாளிகளை எழுதி, இரண்டையும் அடித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு எல்லோரும் ஜானட்டின் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். அருள்பிரகாசம் நாற்காலியில். ஜெரி வாசற்படியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக. ஞானம் கட்டிலில். ஐம்பத்தோரு வயதுக்கு உறுதியான உடம்பு. முகத்தில் மட்டும் எரிச்சல்.

அவருக்கு முன்னால் முக்காலியில், ஒரு சிறு தட்டில், ஒரு மாத்திரை இருந்தது. பிரிக்காமல்.

"இட்லி துன்னு ரெண்டு மணி நேரம் ஆச்சு. மாத்திரை இன்னும் போடல," என்றார் ஞானம். "டாக்டரு சொன்னாராம், இந்தம்மா சொல்றாங்களாம். எனுக்கு ஒண்ணியும் புரியல."

"புரியும்," என்றாள் சங்கமித்ரா. "முதல்ல டம்ளர். உங்க டம்ளர்ல சர்க்கரை சேராது. இல்லையா?"

"சேராது."

"அப்போ அதுல எறும்பு எதுக்கு வந்துச்சு?"

அருள்பிரகாசம் மெதுவாக ஜெரியின் பக்கம் திரும்பினார்.

"வெள்ளைத் தூளுன்னு சொன்னீங்க," என்றாள் அவரிடம். "சரிதான். சர்க்கரையும் வெள்ளைதான். மாத்திரைத் தூளுக்கு எறும்பு இப்படிச் சுத்தாது. இந்த வீட்டு டப்பாவுல ஒரு மாத்திரைகூடக் குறையல. உங்க தம்பி டம்ளர்ல விழுந்தது சர்க்கரை. வெளியிலேர்ந்து பொட்டலமாக் கட்டிக் கொண்டுவந்தது, படகுல இருக்கிற டப்பாவைத் திறந்தா மத்தவங்க கேப்பாங்கன்னு. ஜெரி சொல்லமாட்டார். நீங்க சொல்லுங்க ஞானம் சார்."

ஞானம் தரையைப் பார்த்தார்.

"கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். சுக்கானு ரெண்டாத் தெரியும். மொதல்ல பாத்தவன் இவன்தான். இனிப்பா இன்னாவது குடுடா, எவன்கிட்டயும் சொல்லாதன்னு அவன் அக்கா மேல சத்தியம் வாங்கினேன். இது என் ஒடம்புக் கோளாறுன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னக் கரையில குந்த வெச்சுடுவாரு. இருபத்தி ஆறு வருசம் கடலப் பாத்துட்டு, குந்தி ஏலம் கூவச் சொல்றீங்களா?"

"அதுக்கு என் தம்பிய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியா?" என்றாள் ஜானட்.

"நாளைக்குச் சொல்லிருப்பேன்."

"எந்த நாளைக்கு?" என்றான் ஜெரி வாசலிலிருந்து. "லாக்கப் தொறக்குற நாளைக்கா?"

அருள்பிரகாசம் கையை உயர்த்தினார். "இருங்கடா. சக்கரை குடுத்தான், சரி. அப்பால எதுக்கு இவன் வுழுந்தான்? கரைல ஏறுது, கடல்ல எறங்குது. அந்தக் கேள்வி அப்டியே கீது."

"அதுக்குத்தான் வர்றேன். கார்டு சார், கடிகாரத்தை எடுங்க."

சவரிநாதன் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து முக்காலியில் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். இந்தக் கணத்துக்காகவே இரண்டு நாள் காத்திருந்தவர்போல இருந்தது அவர் முகம்.

"சனிக்கிழமை மாத்திரை எப்போ?" என்று ஜானட்டைக் கேட்டாள் சங்கமித்ரா.

"ராத்திரி ஒரு மணிக்கு. எழுந்து சாப்பிடறப்ப."

"ஞாயிறு?"

"காலைல எட்டு மணிக்கு."

"கார்டு சார்?"

"முப்பத்தோரு மணி நேரம்."

"ரத்தம் கொடுக்கிறது எட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதாவது பழைய மாத்திரை தன் வேலையை முடிச்சுட்டுப் போன பிறகு, புதுசு உள்ளே வர்றதுக்கு முன்னாடி. சர்க்கரை எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு ஏறி நிக்கிற நேரம். கடலுக்குப் போற ஆள் வெறும் வயித்துல காலைல ரத்தம் கொடுக்கணும்னா கரையில இருக்கிற நாள்லதான் முடியும். அதனால டாக்டர் பார்த்த சீட்டு எல்லாமே கரைநாள் சீட்டு. கடல்நாள் சீட்டு ஒண்ணுகூட அவர் கண்ணுல படல. மே மாசத்துச் சீட்டைப் பாருங்க. 118. அப்போ தடைக்காலம், தினம் எட்டு மணிக்கு மாத்திரை, தினம் இருபத்து நாலு மணி நேரம். அதே சின்ன மாத்திரை அழகா வேலை செஞ்சுது. மாத்திரை கெட்டுப்போகல, நோய் முத்தல. தடைக்காலம் முடிஞ்சுது, அவ்வளவுதான்."

அருள்பிரகாசம் சீட்டுகளைக் கையில் எடுத்துத் தேதிகளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"இப்போ ஞாயிறு எட்டு மணி மாத்திரைக்கும் திங்கள் மாத்திரைக்கும்?"

"திங்கள் ராத்திரி ஒரு மணி. பதினேழு மணி நேரம்," என்றார் சவரிநாதன். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. "மேடம், இத நான் சொல்றேன். ஒத்தை லைன்ல ஒரு செக்‌ஷனுக்குள்ள ஒரு வண்டிதான் போவணும். அது அடுத்த ஸ்டேஷனத் தாண்டுற வரைக்கும் ரெண்டாவது வண்டிக்குப் பச்சைக் கொடி கிடையாது. கரைநாளுக்கு மறுநாள் இன்னா பண்றோம்? மொத வண்டி உள்ளார இருக்கும்போதே ரெண்டாவதுக்குக் கொடி காட்டறோம். அதுவும் ஜூன் கடைசிலேர்ந்து டபுள் லோடு."

"அதேதான்," என்றாள் சங்கமித்ரா. "நாளைக்கு ஒண்ணுங்கிற கணக்கு காலண்டர்ல தப்பாது. உடம்புக்குக் காலண்டர் தெரியாது. அதுக்கு மணிதான் தெரியும். ஒரு மணிக்குப் போட்டது மூணு, நாலு மணிக்கு உச்சத்துக்கு வருது. அதே நேரத்துல முந்தின மாத்திரையும் கொஞ்சம் மிச்சம் வேலை செய்யுது. வலை இழுக்கிற தசை வேற சர்க்கரையைத் தின்னுது. வயித்துல என்ன இருக்கு? மத்த நாள் ஒரு தட்டுச் சோறு. திங்கக்கிழமை?"

ஜானட் பூனையைப் பார்த்தாள். அது அடுப்புப் பக்கம் படுத்திருந்தது.

"ஞாயிறு ஒன்பது மணிக்கு பிரியாணி சாப்பிட்டவருக்கு ஒரு மணிக்குச் சோறு இறங்காது," என்றாள் சங்கமித்ரா. "வயிறு கனமா இருக்கிறது வேற, ரத்தத்துல சர்க்கரை இருக்கிறது வேற. ஒன்பது மணிச் சாப்பாட்டோட சர்க்கரை நாலு மணி வலைக்கு மிஞ்சாது. சோறு பூனைக்கு, மாத்திரை மட்டும் இவருக்கு. ஜூலை ஒன்பது புதன்கிழமை காத்து எச்சரிக்கை, படகு போகல. அன்னைக்கும் மாத்திரை எட்டு மணிக்கு. மறுநாள் வியாழன், சோறு சாப்பிட்டும் விழுந்தார், ஒரு மாத்திரை மேல இன்னொண்ணு ஏறினதால. கை நடுங்கின பிறகுதான் ஜெரி டீ கொடுப்பார், அது ரத்தத்துல ஏறுறதுக்குள்ள இவர் விழுந்துடுவார். அந்த டீ ஒரு மணி நேரம் தாங்கும். மாத்திரை அதுக்கப்புறமும் வேலை செய்யும். அதனாலதான் கரைக்கு வந்து குத்தினபோது மறுபடியும் நாற்பது. அந்த டீ இல்லேன்னா கரைக்கு வந்திருக்கவே மாட்டார்."

தெருவில் மீன் கூடைக்காரி ஒருத்தி விலை சொல்லிக்கொண்டு போனாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை ரத்தம் குடுத்திருந்தா..." என்று தொடங்கினார் அருள்பிரகாசம்.

"சீட்டு மறுபடியும் ஏறிக் காட்டியிருக்கும். மாத்திரையை இன்னும் ஏத்தியிருப்பாங்க. நாளைக்கு விடியற்காலை மூணு மில்லி, முந்தின மாத்திரை மேலயே." அவள் பையிலிருந்து டாக்டரின் சீட்டை எடுத்தாள். "டாக்டர் நேத்து எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணுதான் சொன்னாரு. 'இவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்னு நான் கேட்கவே இல்லை. தடைக்காலத்தில்தானே முதலில் பார்த்தேன்.'"

அருள்பிரகாசம் எழுந்து வாசற்படிக்குப் போனார். ஜெரி எழுந்திருக்கவில்லை, நகர்ந்து இடமும் விடவில்லை. பெரியவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் குறுகலான இடத்தில் உட்கார்ந்தார்.

"நீயாவது சொல்லிருக்கலாம்டா நைனா."

"அக்கா மேல சத்தியம்," என்றான் ஜெரி. "அப்பால, நீங்க கேட்ட கேள்விக்கு எவன் பதில் சொல்வான்? இன்னா விஷம்டா போட்டன்னு கேட்டீங்க. இன்னா போட்டன்னு கேக்கல."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உள்ளே திரும்பி, "நாளைக்கு யாரு சுக்கான் புடிக்கிறது?" என்றார்.

"டாக்டர் இவரைப் பத்து நாள் சுக்கான் பிடிக்க வேண்டாம்னு சொல்லியிருக்கார்," என்றாள் சங்கமித்ரா. "அதுவரைக்கும் ஜெரி பிடிக்கட்டும், ஞானம் சார் பக்கத்துல நிக்கட்டும். கடல்நாள்லயும் கரைநாள்லயும் சர்க்கரை பார்த்து, ரெண்டும் சரியா இருந்தா சுக்கான் திரும்ப இவர் கைக்கு."

ஞானம் முனகினார். ஆனால் மறுக்கவில்லை.

"அப்போ இந்த மாத்திரைய எப்பத்தான் போடறது?" என்றாள் ஜானட். "கடலுக்குப் போற நாளு பன்னெண்டரைக்கு எழுவாரு, போகாத நாளு அஞ்சு மணிக்கு எழுவாரு. எந்தக் காலைல குடுக்கறது?"

"காலைல வேண்டாம். அவரோட ரெண்டு நாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எழுந்திருக்கிற நேரம் மாறுது. முதல் சாப்பாடு மாறுது. ராத்திரிச் சாப்பாடு மாறுது. மாறாதது எது?"

ஜானட் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

ஒன்றரை மணிக்கு அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோறு, வஞ்சிர மீன் குழம்பு, அவரைக்காய். சவரிநாதன் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய அளவு, ஒரு மில்லிகிராம் மாத்திரையை, தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஞானம் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

டாக்டரின் சீட்டை சங்கமித்ரா பெரிய எழுத்தில் நகலெடுத்து, இரண்டு பிரதி கொண்டுவந்திருந்தாள். ஒன்றை ஜானட் சாமி படத்துக்குக் கீழே ஒட்டினாள். இன்னொன்றை ஜெரி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், சுக்கான் அறையில் டம்ளர்களுக்கு மேலே ஒட்டுவதற்கு. அதில் இருந்தது இவ்வளவுதான்:

கடலானாலும் கரையானாலும், மாத்திரை மதியம் ஒன்றரை மணிக்கு. தட்டில் சோறு இருந்தால் மட்டும். சாப்பிடாத நாளில் மாத்திரை இல்லை. டாக்டருக்குப் போன் செய்யவும். ஞாயிறு ஒரு முறை, கடலுக்குப் போய் வந்த நாள் ஒரு முறை, இரண்டும் சர்க்கரை பார்க்கவும். கை நடுங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, அடுத்து பிஸ்கட். சர்க்கரை டப்பா சுக்கானுக்குப் பக்கத்தில், மூடி திறந்தபடி, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்.